ஆர்டி ஓடின பாதையில பஸ்: கெனடி – எல்ஸ்மியர், உங்கட கருத்து என்ன?

#1 மால்வேன்காரன்

வணக்கம். ரொறன்ரோவின்ர கிழக்குப் பக்கம் இருக்கிற ஸ்காபரோ ஆக்களுக்குத் தெரிஞ்ச கதைதான், வெளியில இருந்து வாசிக்கிறவைக்காகச் சுருக்கமாச் சொல்லுறன்.

1985 மார்ச்சில திறந்த ஸ்காபரோ ஆர்டி எண்ட சின்ன நகர ரயில், கெனடியில இருந்து மக்கோவன் வரை 6.4 கிலோமீற்றர், ஆறு ஸ்ரேசன். வயசு போட்டுது எண்டு 2023 நவம்பரில மூடுறதா இருந்தவை. அதுக்கு முதலே யூலை 24 பின்னேரம் எல்ஸ்மியருக்குத் தெற்கால கடைசிப் பெட்டி கழண்டு தடம்புரண்டு போச்சு. அஞ்சு பேருக்குச் சின்னக் காயம். தண்டவாளத்துக்கு நடுவில கிடக்கிற உலோகத் தகட்டைப் பிடிச்சு வைக்கிற போல்ட்டுகள் தளர்ந்து, தகடு மேல எழும்பினதாம் காரணம். பேந்து அது ஓடவே இல்லை.

இப்ப தெற்குத் துண்டை, அதாவது கெனடியில இருந்து எல்ஸ்மியர் வரை கிட்டத்தட்ட 4 கிலோமீற்றரை, பஸ் மட்டும் போற பாதையா மாத்திக்கொண்டிருக்கினம். ஏறக்குறைய 68 மில்லியன் டொலர் எண்டு கணக்குச் சொன்னவை. மாகாணம் காசு தராமல் விட, நகரசபைதான் 2024 பாதீட்டில எடுத்து வைச்சது. திறக்கிறது 2026 எண்டு திட்டம். மூண்டு ஸ்ரேசன் சப்வே, 7.8 கிலோமீற்றர், வரும்வரைக்கும் எங்களுக்கு இதுதான்.

என்ர கேள்வி இதுதான். ரயில் ஓடின இடம். காணி வாங்கத் தேவையில்லை, ஒருத்தற்ற வீடும் உடைக்கத் தேவையில்லை, குறுக்க றோட்டு இல்லை. தண்டவாளத்தைக் கழட்டித் தார் போட்டால் பஸ் ஓடும். இதைவிடச் சுகமான வேலை உலகத்தில இருக்கோ? ஏன் மூடின அடுத்த மாதமே துவங்கேல்லை?

நான் பதினாலு வருசம் ஆர்டியில போய் வந்தவன். கெனடிக்குக் கிட்ட அந்த வளைவில பெட்டி கிரீச்செண்டு கத்திறது இப்பவும் காதுக்குள்ள இருக்கு. பத்து நிமிசத்தில போய்ச் சேருவன். இப்ப சில நாள் இருபது, ஸ்னோ கொட்டினா முப்பதும் தாண்டும்.

#2 சில்லுக்காரன்

தம்பி, பஸ் ஓட்டிறவன் எண்ட முறையில ரெண்டு வார்த்தை. எங்க ஓட்டிறன் எண்டு கேக்காதைங்கோ.

பேப்பரில பாத்தா சுகமான வேலைதான். ஆனா ரயில் தன்ர பாட்டில தண்டவாளத்தில போகும், அரை அடி இஞ்சாலயும் போகாது அங்காலயும் போகாது. பஸ் அப்பிடி இல்லை. கண்ணாடியோட சேத்தா பஸ் மூண்டு மீற்றர் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு பஸ் அதே வேகத்தில வருது. ரெண்டு பக்கமும் வேலி. ஒரு பக்க வேலிக்கு அங்கால ஸ்ரூவ்வில் போற கோ ரயில் (வெளியூர் ஆக்கள் வேலைக்கு வந்து போற புறநகர் ரயில்). இதுக்குள்ள அறுபதில ஓட்டச் சொன்னா ஓட்டுவன், ஆனா தோள் இறுகித்தான் இருக்கும்.

ரெண்டாவது, ஸ்னோ. இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. றோட்டில எண்டால் உழுதுகொண்டு போறவன் கரையில தள்ளிவிட்டுப் போவான். பள்ளத்துக்குள்ள, வேலிக்கும் மதிலுக்கும் நடுவில, எங்க தள்ளுறது? ஒரு வெள்ளிக்கிழமை இரவு இருபது சென்ரிமீற்றர் கொட்டினா அதை அள்ளி லொறியில ஏத்த வேணும். இல்லாட்டி மூண்டாம் நாள் ஏழு மீற்றர் பாதை அஞ்சரை மீற்றர் ஆகியிடும். ஆர்டியும் ஸ்னோவிலதான் படுத்தது எண்டதை மறக்காதைங்கோ. கரண்ட் தண்டவாளத்தில ஐஸ் பிடிச்சா எல்லாரும் ஷட்டில் பஸ்ஸுக்கு ஓடின நாள் எத்தினை!

மூண்டாவது, பஸ் ஒண்டு நடுவில நிண்டு போனா? இழுத்துக்கொண்டு போற வண்டி எந்தப் பக்கத்தால உள்ளுக்க வரும்?

நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. மிட்லண்ட் றோட்டில பஸ்ஸுக்கெண்டு விட்ட சிவப்பு லேனுக்குள்ள நுழையிற காரோட மல்லுக்கட்டிறதை விட இது ஆயிரம் மடங்கு நல்லது.

#3 சப்வே_மட்டும்

68 மில்லியனை சப்வேக்குள்ள போட்டால் ஒரு வருசம் முந்தி முடியும். பஸ் எங்களுக்கு வேண்டாம். டவுன்டவுன்காரனுக்கு சப்வே, ஸ்காபரோக்காரனுக்கு பஸ். நாப்பது வருசமா இதே கதை.

#4 சில்லுக்காரன்

@சப்வே_மட்டும் 68 மில்லியனுக்கு சப்வே எத்தினை அடி வரும் எண்டு கணக்குப் பாத்திட்டு வாங்கோ அண்ணை. டிக்கி ஸ்கார்டஸ்ட் (அதுதான் சுரங்கம் தோண்டுற மெசினுக்கு வைச்ச பேர், நான் சிரிக்கேல்லை) 2023 சனவரியில இறங்கினது. அது தன்ர வேகத்திலதான் போகும். காசைக் கூட்டினா மண் கெதியா இளகாது.

#5 வான்நைஸ்வாசி

லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து எழுதறேன். எங்க சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குல இதே மாதிரி ஒண்ணு 2005 அக்டோபர் 29லேர்ந்து ஓடுது. முன்னாடி ஆரஞ்ச் லைன், இப்ப ஜி லைன்னு பேரு. சதர்ன் பசிஃபிக் ரயில்வேயோட பழைய பர்பேங்க் கிளைப்பாதை. கவுண்டி போக்குவரத்து ஆணையம் 1991லேயே அந்த நிலத்தை வாங்கிடுச்சு. ஓடினது பதினாலு வருஷம் கழிச்சு! "நிலம் கையில இருக்கே, ஏன் லேட்டு"ன்னு கேட்டீங்களே, அதுக்காகத்தான் இந்தக் கதை.

முதல்ல மெட்ரோ ரயில்தான் போடறதா இருந்தாங்க. பாதை ஓரத்துல இருந்தவங்க சத்தம் வரும், எங்க தெரு கெட்டுப்போகும்னு எதிர்த்தாங்க. அதே 1991ல மாநிலச் சட்டமே வந்துது. ஆலன் ராபின்ஸ்னு ஒரு செனட்டர் கொண்டுவந்தது: அந்தத் தடத்துல ரயில் போடணும்னா ஆழமாத் தோண்டிச் சுரங்கத்துல மட்டும்தான் போடலாம். 1998ல கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு, விற்பனை வரிக் காசைச் சுரங்க ரயிலுக்குச் செலவழிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. தரைக்கு மேலே ரயில் போகக் கூடாது, தரைக்குக் கீழே போகக் காசு கிடையாது. மிஞ்சினது பஸ். கவுண்டி மேற்பார்வையாளர் ஸெவ் யரோஸ்லாவ்ஸ்கி பிரேசில்ல பஸ் பாதைக்குப் பேர்போன குரிச்சிபா நகரத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து அதைப் பிடிச்சுக்கிட்டார். எங்க ஊர்ல பஸ் பாதை யாரும் ஆசைப்பட்டு வந்ததில்ல, மத்த கதவெல்லாம் சாத்தினதால வந்தது.

அதுலயும் 2004ல நீதிமன்றம் வேலையைச் சில வாரம் நிறுத்திடுச்சு. சாலையிலேயே ஓடற வேக பஸ் சேவைகளைக் கூட்டினா போதாதான்னு ஏன் ஆராயலை, அதுதான் கேள்வி. பாதி கட்டினதுக்கு அப்புறம் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை எழுதினாங்க. திட்டம் போடறவங்க யாராவது இங்க இருந்தா இதைக் குறிச்சு வெச்சுக்குங்க.

திறந்த பிறகு வந்த பிரச்சினை வேற. திறந்தப்ப எங்க பாதை சுமார் 22 கிலோமீட்டர், வழியெல்லாம் தெருக்கள் குறுக்க போகுது. ரயில் ஓடின காலத்துல கேட் இருந்துது, மணி அடிச்சுது. பஸ்ஸுக்கு வெறும் சிக்னல். வருஷக்கணக்காக் காலியாக் கிடந்த தடம், அங்கேருந்து ஒண்ணு வரும்னு கார்க்காரங்களுக்குத் தோணவே இல்ல. சிவப்புல வலப்பக்கம் திரும்பிப் பழகின கை, திரும்பிடுச்சு. முதல் வாரத்துலயே மோதல். உடனே ஒவ்வொரு சந்திப்புலயும் பஸ் மணிக்கு 10 மைல்ல ஊர்ந்து போகணும்னு உத்தரவு. ஓடற பாதை பிரமாதம், ஆனா நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை நடக்கற வேகம். எங்க வீட்டுப் பெரியவர் "பஸ் எல்லாச் சந்துக்கும் வணக்கம் சொல்லிட்டுப் போகுது"ம்பார்.

இவ்வளவு இருந்தும் கூட்டம் அள்ளுச்சு. 2020ல ஒரு நாளைக்கு 22,000 பேர் வருவாங்கன்னு கணிச்சிருந்தாங்க. 2006 மே மாசமே அந்த எண்ணிக்கை வந்துடுச்சு. அப்புறம் அதுவே தலைவலி. சந்திப்பு சிக்னல்கள் இருக்கிறதால நாலு நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸுக்கு மேல விட முடியலை. 2014ல அந்த ராபின்ஸ் சட்டத்தை நீக்கினாங்க, 2016ல ரயிலா மாத்தறதுக்கு வரி போட்டு நிதி ஒதுக்கினாங்க. எப்ப? 2057. நான் இருக்க மாட்டேன்.

#6 மால்வேன்காரன்

@வான்நைஸ்வாசி நன்றி. வாசிச்சிட்டுப் பயந்தும் போனன், கொஞ்சம் ஆறுதலும் பட்டன். எங்கட துண்டில குறுக்க போற றோட்டு இல்லை. லோரன்ஸும் எல்ஸ்மியரும் பாலத்தில மேலால போகுது. ஆர்டி முழுக்கத் தனிப்பாதை. அப்ப உங்கட பிரச்சினை எங்களுக்கு வராது தானே?

#7 கேம்கரை

குறுக்கே தெரு இல்லைன்னா பிரச்சினை இல்லைன்னு நினைக்காதீங்க ப்ரோ. கேம்பிரிட்ஜ்ல எங்களுக்கு இதைவிடப் பெரிய கதை.

செயிண்ட் ஐவ்ஸ் கிளைப்பாதை 1847ல வந்தது. 1970 அக்டோபரோட பயணிகள் ரயில் நின்னுடுச்சு, 90கள் வரைக்கும் மணல் ஏத்தற சரக்கு ரயில் மட்டும் போச்சு. அப்புறம் புதர். ஏ14 சாலை நெரிசல் தாங்காம 2001ல ஒரு ஆய்வு பண்ணி, பஸ் போடலாம்னாங்க. ரயிலையே திரும்பக் கொண்டுவாங்கன்னு காஸ்ட் அயர்ன்னு ஒரு குழு வருஷக்கணக்கா வாதாடினாங்க. ஜெயிச்சது பஸ். ஆனா சாதாரண பஸ் இல்லை, வழிகாட்டி பஸ். ரெண்டு கான்கிரீட் உத்தரம், அதுக்குள்ள பஸ்ஸோட முன் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு குட்டிச் சக்கரம் உரசிக்கிட்டு வரும். டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். முதல் தடவை முன் சீட்ல உட்கார்ந்து அவர் கையை மடியில வெச்சிட்டு மணிக்கு 55 மைல்ல போறதைப் பார்த்தா வயித்தைக் கலக்கும்.

இந்த உத்தரத்துக்கு நன்மை என்னன்னா, சில்லுக்காரன் அண்ணா சொன்ன அகலப் பிரச்சினை தீருது. பஸ் இங்க அங்க ஆடாது, குறுகின தடத்துல ரெண்டு திசை போட்டுடலாம். தீமை: அந்தக் கான்கிரீட் மில்லிமீட்டர் சுத்தமா உட்காரணும். பழைய ரயில் மேடு கருங்கல் ஜல்லி, அது கொஞ்சம் கொஞ்சம் அசையும். ரயிலுக்கு அது பரவாயில்லை, ஜல்லியைக் குத்தி நிமிர்த்திடுவாங்க. உத்தரத்தை அப்படி நிமிர்த்த முடியாது. 2007ல ஆரம்பிச்சு 2009ல திறக்கறதா இருந்தது, 2011 ஆகஸ்ட் 7ல திறந்தாங்க. 116 மில்லியன் பவுண்ட் பட்ஜெட் 181 மில்லியன் ஆச்சு. கவுன்சிலும் ஒப்பந்தக்காரரும் கோர்ட்ல சண்டை, 2013ல சமரசம். ஆனா ஓடுது! 25 கிலோமீட்டர், உலகத்துலயே நீளமான வழிகாட்டி பஸ் பாதைன்னு சொல்வாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். பாதைக்குப் பக்கத்துலயே பராமரிப்புக்குன்னு ஒரு தார் ரோடு. அது சைக்கிள்காரங்களுக்கும் நடக்கறவங்களுக்கும் சொர்க்கம். நானும் தினம் அதுலதான் ஆபீஸ் போறேன். நகரத்துக்குள்ள சில இடத்துல அந்த சைக்கிள் பாதைக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ரொம்ப நாளா வேலியே கிடையாது. மூணு பேர் செத்திருக்காங்க. 2025ல கவுன்சிலுக்கு 60 லட்சம் பவுண்ட் அபராதம். திட்டம் போட்டப்ப ஒரு சாலையைப் பார்க்கற கண்ணாலயே பார்த்தாங்க. ரயில் வரும்னா எல்லாரும் விலகி நிப்பாங்க. பஸ்தானேன்னா பக்கத்துலயே நடப்பாங்க. வர்ற வேகம் மட்டும் ரயில் வேகம்.

#8 லோரன்ஸ்_மாலா

நான் பெரிசா எழுதிறேல்லை, வாசிக்கிறது மட்டும்தான். ஆனா இது எனக்குத் தெரிஞ்ச விசயம்.

லோரன்ஸ் ஈஸ்ற் ஸ்ரேசன்ல நான் பதினெட்டு வருசம் ஏறி இறங்கினனான். இரவு வேலை. பதினொண்டரைக்கு இறங்கினா கீழ ஒரு சனமும் இராது. மேல பாலத்தில கார் போற சத்தம் மட்டும் கேக்கும். படியால ஏறி வந்து பஸ் பிடிக்க வேணும். ஒரு நாள் படியில ஐஸ், கையில அப்பம்மாவுக்கு வாங்கின மருந்து, நான் கம்பியைப் பிடிச்சு இருந்து இருந்து ஏறினனான். அப்ப மேல பூத்தில ஒரு ஆள் இருந்தவர். கண்டிட்டு இறங்கி வந்து பையை வாங்கினவர். பேர் தெரியாது.

இப்ப பஸ் தரிப்பு வந்தா ஆள் இருக்க மாட்டினம். ஒரு கூரை, ஒரு விளக்கு, ஒரு கமெரா. பள்ளத்துக்குள்ள ரெண்டு வேலிக்கு நடுவில பொம்பிளைப் பிள்ளை ஒண்டு இரவு பன்னிரண்டு மணிக்குத் தனிய நிக்கிறதை ஆரும் யோசிச்சவையோ? றோட்டில நிண்டா கடை இருக்கும், கார் போகும், நாலு பேர் காணுவினம். கெதியாப் போறது எனக்கும் விருப்பம்தான். ஆனா எந்த வழியால உள்ளுக்க போறது, எந்த வழியால ஓடித் தப்புறது எண்டு முதல் சொல்லுங்கோ.

#9 சில்லுக்காரன்

அக்கா, அது முக்கியமான கதை. டிரைவருக்கும் அதே பயம்தான். வேலிக்குள்ள நிண்டா உதவி வர நேரம் எடுக்கும்.

#10 திட்டக்குறிப்பு

சென்னையில் போக்குவரத்துத் திட்டமிடல் வேலை. இந்த இழையைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. கீழே வருவது என் மேலோட்டமான கணக்கு, அதிகாரபூர்வமானது எதுவும் இல்லை.

மூடுவதற்கு முன், கொரோனாவுக்கும் முன், ஆர்டியில் ஒரு நாளைக்குச் சுமார் 35,000 பயணம் என்பார்கள். உச்ச நேரத்தில், கூட்டம் அதிகமான திசையில் ஒரு மணிக்கு 2,000 முதல் 2,500 பேர் என்று வைத்துக்கொள்வோம். 12 மீட்டர் பஸ்ஸில் ஐம்பது பேர். அப்படியென்றால் மணிக்கு 40 முதல் 50 பஸ். எழுபது முதல் தொண்ணூறு வினாடிக்கு ஒன்று. பாதைக்கு இது ஒன்றுமே இல்லை, குறுக்கே சிக்னல் இல்லாத ஒரு வழித்தடம் இதைப்போல மூன்று மடங்கு தாங்கும். லாஸ் ஏஞ்சலஸுக்கு இருந்த நாலு நிமிட எல்லை இங்கே கிடையாது.

பிரச்சினை எங்கே என்றால், கெனடியில் அந்த பஸ்கள் நிற்க வேண்டும். ஆள் இறங்கி ஏற இரண்டு நிமிடம், வெளியேறி அடுத்தது வந்து நிற்க ஒரு நிமிடம். ஒரு நிறுத்தக் கட்டத்துக்கு மணிக்கு 20 பஸ். 50 பஸ்ஸுக்கு மூன்று கட்டங்கள் இதற்கென்றே வேண்டும், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். சக்கர நாற்காலி ஒன்று ஏறினால், ஒருவர் டிரைவரிடம் வழி கேட்டால், பின்னால் நான்கு பஸ் வரிசை கட்டும்.

இனி நேரம். 4 கிலோமீட்டர், இடையில் இரண்டு மூன்று நிறுத்தம், தடையில்லாத பாதை: ஆறு ஏழு நிமிடம். அதன் பிறகு எல்ஸ்மியரில் மேலே ஏறி, சாலையில் ஸ்காபரோ சென்டர் வரை மிச்சமுள்ள இரண்டரை மூன்று கிலோமீட்டர்: சிக்னல் நல்லபடியாக இருந்தால் எட்டு, இல்லாவிட்டால் பதின்மூன்று. நீளத்தில் பாதிக்கு மேல் புதுப்பாதை, ஆனால் நேரத்தில் பாதிக்கு மேல் பழைய சாலையில். மால்வேன்காரன் சாரின் "இருபது நிமிட நாள்", "முப்பது நிமிட நாள்" வித்தியாசம் எல்லாம் அந்த இரண்டரை கிலோமீட்டரில்தான் பிறக்கும்.

எந்த ஊரிலும் பழைய ரயில் தடத்தைப் பார்த்தால் இதே மயக்கம்தான். நடுவில் கிடக்கும் நேர்கோடு கண்ணில் படும், இரண்டு நுனியும் படாது. என்னிடம் இந்தத் திட்டத்தைக் கொடுத்தால் முதல் வரைபடம் எல்ஸ்மியர் சந்திப்புக்குத்தான் போடுவேன். அங்கே பஸ் திரும்பக் காத்திருக்குமா, அதற்கென்று தனிப் பச்சை விளக்கு உண்டா, அது எத்தனை வினாடி. நாலு கிலோமீட்டர் தாரை விட அந்தச் சில வினாடிதான் மாலா அக்கா வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவார் என்று தீர்மானிக்கும்.

#11 மால்வேன்காரன்

ஓம், இது எனக்கு விளங்கினது. நான் கெனடியில நிண்டுதான் எல்லாத்தையும் யோசிக்கிறன். அங்கால நுனியை யோசிக்கேல்லை.

அப்ப ஒரு முட்டாள் கேள்வி. மிச்சத் துண்டு, எல்ஸ்மியரில இருந்து மிட்லண்ட், ஸ்காபரோ சென்ரர், மக்கோவன் வரைக்கும் தூணில நிக்கிற பாலம் சும்மாதானே கிடக்கு. அதிலயும் பஸ்ஸை விட்டால் என்ன?

#12 சில்லுக்காரன்

முட்டாள் கேள்வி இல்லை, எல்லாரும் கேக்கிறது. ஆனா அந்தப் பாலம் சின்ன ஆர்டிப் பெட்டிக்குக் கட்டினது. அகலம் காணாது, கரையில கட்டும் இல்லை. எல்ஸ்மியருக்கு வடக்கால கோ ரயில் பாதைக்குக் கீழால புகுந்து போற அந்தக் குட்டிச் சுரங்கம் வேற இருக்கு. அதுக்குள்ள பஸ்ஸை விட்டா நான் வரேல்லை, நீங்களே ஓட்டுங்கோ.

அந்தச் சுரங்கம், கெனடி வளைவு, ரெண்டுக்கும் ஒரு பழைய கதை இருக்கு. ஆர்டியை முதல் ஸ்ரீற்கார் (ட்ராம் வண்டி) ஓடத்தான் கட்டத் துவங்கினவை. கட்டுப்பட்டுக்கொண்டிருக்கேக்க, 1981 இல, மாகாண அரசு தன்ர சொந்தக் கொம்பனி செய்த புது ரயிலைப் போடு எண்டு மாத்தினது. விக்கிறதுக்கு ஒரு காட்சிப் பொருள் வேணும் தானே. கெனடியில ஸ்ரீற்கார் திரும்பக் கட்டின வளையம் அந்த ரயிலுக்கு ஒத்துவரேல்லை, பேந்து மாத்திக் கட்டினவை. நாங்கள் நாப்பது வருசம் கேட்ட அந்தக் கிரீச் சத்தத்தில கொஞ்சம் அந்த முடிவின்ர சத்தமும் இருக்கு.

இப்ப மூண்டாம் முறை: ஸ்ரீற்காருக்கு வெட்டின பாதை, ரயில் ஓடின பாதை, பஸ்ஸுக்கு வருது.

#13 சப்வே_மட்டும்

பாலத்தைப் பூங்கா ஆக்கப் போகினமாம் எண்டும் ஒரு கதை அடிபட்டது. நியூயோர்க்கில மாதிரிப் பூக்கண்டு வைச்சு நடக்கவாம். சனம் பஸ்ஸுக்கு நிக்குது, இவை பூக்கண்டு.

#14 போடிமெயில்

நான் தேனிப் பக்கம். பஸ் பாதை பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா "அதுவரைக்கும்"ங்கிற வார்த்தை பத்தித் தெரியும்.

மதுரை – போடி மீட்டர் கேஜ் ரயிலை 2010 டிசம்பர் 31 அன்னிக்கு நிப்பாட்டினாங்க. அகலப்பாதை போட்டுட்டுத் திரும்ப விடறோம்னாங்க. நானும் கடைசி நாள் போய் போட்டோ எடுத்துக்கிட்டேன், பையனுக்கு அப்போ மூணு வயசு. திரும்ப மதுரைலேர்ந்து தேனி வந்தது 2022 மே, போடி வந்தது 2023 ஜூன். பையன் பத்தாவது முடிச்சிட்டான். நடுவுல தண்டவாளம் எடுத்த இடத்துல ஆடு மேஞ்சுது, காய வெச்ச மிளகா கிடந்துச்சு, ஒரு இடத்துல கிரிக்கெட் பிட்ச்.

அதனால ஒண்ணு கேக்கணும். உங்க சப்வே வர்ற வரைக்கும்னு இந்த பஸ் பாதை போடறாங்க. சப்வே வந்த பிறகு என்ன? திரும்ப ஆடு மேயுமா? தற்காலிகம்னு சொல்லித்தான் காசைக் குறைச்சுப் போடுவாங்க, அப்புறம் அதுவே பதினைஞ்சு வருஷம் ஓடும்.

#15 வடகடல்

@போடிமெயில் நீங்க கேட்டது நேரா எங்க கதை. நான் ஜப்பான்ல, சென்டாய்ல இருக்கேன். கடலோரம் இருக்கிற கெசென்னுமா ஊர்ப் பக்கம் வேலை விஷயமா அடிக்கடி போவேன்.

2011 சுனாமியில கெசென்னுமா தடத்துல யானாய்சு – கெசென்னுமா 55 கிலோமீட்டரும், ஓஃபுனாட்டோ தடத்துல கெசென்னுமா – சகாரி 44 கிலோமீட்டரும் போயிடுச்சு. மேடு அடிச்சிட்டுப் போச்சு, பாலம் போச்சு, ஸ்டேஷன் இருந்த இடத்துல ஊரே இல்லை. ஜேஆர் கிழக்குங்கிற ரயில் கம்பெனி 2012லயும் 2013லயும் "தற்காலிகமா" பஸ் விட்டாங்க. மிஞ்சின மேட்டுல தண்டவாளத்தை எடுத்துட்டுத் தார் போட்டு, இல்லாத இடத்துல சாதாரண ரோட்டுல இறங்கி. ரயிலைத் திரும்பக் கொண்டுவரச் சுமார் 11,000 கோடி யென் ஆகும்னு கணக்கு வந்தது. 2015ல இதையே நிரந்தரமாக்கலாமேன்னு ஜேஆர் கேட்டுது. ஊர்கள் ஒவ்வொண்ணா ஒத்துக்கிச்சு. 2020 ஏப்ரல் 1ல ரயில் தடம்னு காகிதத்துல இருந்ததும் போச்சு.

ஆனா அழற கதை மட்டும் இல்லை. ஒத்தைத் தண்டவாள மேடுங்கிறதால பாதை ஒரு பஸ் அகலம்தான். நடுநடுவுல ஒதுங்கற இடம், சிக்னல். சுரங்கத்துக்குள்ள போறப்ப சுவர் ஜன்னலை உரசற மாதிரி இருக்கும். ஒரு பாட்டி என் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டாங்க, பழக்கமாம், ரயில்லயும் அப்படித்தானாம். ஊர் மேட்டுக்கு மாறினதும் நிறுத்தமும் கூடவே மாறுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணு, டவுன் ஆபீஸ் பக்கம் ஒண்ணு. ரயில் அப்படி வளைஞ்சு கொடுக்காது. வண்டியும் முன்னைவிட அடிக்கடி வருது.

ஸ்காபரோவுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: இங்க ஆள் குறைஞ்சுட்டே வருது, அங்க ஆள் வழியுது. அதனால இங்க சரிவந்தது அங்க சரிவரும்னு நான் சொல்ல மாட்டேன். "தற்காலிகம்"னு எழுதற பேனாவை மட்டும் கொஞ்சம் சந்தேகமாப் பாருங்க.

#16 திட்டக்குறிப்பு

@போடிமெயில் நல்ல கேள்வி. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஒட்டாவாவில் 1983 முதல் வளர்ந்த பஸ் பாதையின் நடுப்பகுதியை ரயிலாக மாற்றி 2019இல் திறந்தார்கள். காகிதத்தில் அழகான படிமுறை: முதலில் பஸ், ஆள் சேர்ந்த பிறகு ரயில். ஆனால் மாற்றும் வருடங்களில் பஸ் பாதையை மூட வேண்டும், அத்தனை பஸ்ஸும் சாதாரணச் சாலைக்கு வந்தது. பஸ் பாதை வெற்றி பெற்றால் அதை மூடுவதே கஷ்டம். ஸ்காபரோவில் சப்வே வேறு தடத்தில் போகிறது என்பதால் அந்தத் தொல்லை இல்லை, அதை ஒரு அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். சப்வே திறந்த மறுநாளும் பஸ் பாதை உயிரோடு இருக்கலாம். இருக்குமா என்பது வேறு.

#17 மால்வேன்காரன்

போன சனிக்கிழமை அந்தப் பாதைப் பக்கமா நடந்து போய் வேலிக்கு வெளியில நிண்டு பாத்தனான். ஆர்டி போகேக்க யன்னலால பாக்கிற நேரம் அந்த இடம் அகலமாத் தெரியும். வெளியில நிண்டு பாத்தா ஒடுக்கம். ஒரு பக்கம் கோ ரயில், மற்றப் பக்கம் ஆரோ ஒருத்தற்ற பின்வளவு, ஒரு பழைய ஊஞ்சல், நீலத் தார்ப்பாயால மூடின பாபெக்யூ. அந்த வீட்டுக்காரருக்கு முந்தி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ரயில். ரெண்டு வருசமா அமைதி. இனி நிமிசத்துக்கு ஒரு பஸ். அவருக்கு ஆரும் சொன்னவையோ தெரியாது.

@சில்லுக்காரன் அண்ணை, ஸ்னோவை எங்க தள்ளுறது எண்ட கேள்வியை நான் எழுத்தில கேட்டு அனுப்பப் போறன். @திட்டக்குறிப்பு எல்ஸ்மியரில பஸ்ஸுக்குத் தனிப் பச்சை எத்தினை செக்கன் எண்டும் கேக்கிறன். வேற ஏதும் சேர்க்க வேணுமெண்டால் ஞாயிறுக்கு முதல் எழுதுங்கோ.

#18 லோரன்ஸ்_மாலா

தம்பி, லோரன்ஸில கீழ இருந்து மேல பாலத்துக்கு வர எலிவேற்றர் வைக்கினமோ எண்டு கேளுங்கோ. பழைய படிதான் எண்டால் எத்தினை படி எண்டும் கேளுங்கோ, நான் எண்ணி வைச்சிருக்கிறன், அவை சொல்லுறது சரியோ எண்டு பாப்பம்.